விமானப் பராமரிப்பு அடிப்படைகள்: பயிற்சியில் இருப்பவர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

பி1 லைசென்ஸோடு (என்ஜின், உடற்பகுதி வேலைகளுக்கான உரிமம்) ஹேங்கரில், அதாவது விமானக் கொட்டகையில், நீண்ட காலமாக வேலை பார்க்கிறேன். ஏஎம்இ (விமானப் பராமரிப்புப் பொறியியல்) படிக்கும் தம்பி தங்கைகளும் வேலையில் புதிதாகச் சேர்ந்தவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு என்னால் முடிந்த பதில்கள் இவை. நான் சொல்லும் அளவுகள் விஷயம் புரிவதற்காக மட்டும். வேலை செய்யும்போது உங்கள் விமானத்தின் மேனுவலில் இருப்பதுதான் செல்லும்.

கேள்வி (இரண்டாம் ஆண்டு மாணவர், திருச்சி): அண்ணா, டார்க் ரெஞ்சில் மேனுவல் சொன்ன அளவை வைத்துத்தான் இறுக்குகிறோம். அப்புறம் ஏன் மரையில் எண்ணெய் இருக்கிறதா என்று சீனியர் கேட்கிறார்?

சரியான கேள்வி தம்பி. டார்க் ரெஞ்ச் காட்டுவது நீங்கள் திருகும் விசையை, அதாவது டார்க்கை. நமக்கு வேண்டியதோ, போல்ட் எவ்வளவு இழுபட்டு இரண்டு பாகங்களையும் அழுத்திப் பிடிக்கிறது என்பது. நீங்கள் கொடுக்கும் விசையில் சுமார் 90 சதவீதம் நட்டின் அடியிலும் மரையிலும் உராய்வுக்கே போய்விடுகிறது. போல்ட்டை இழுப்பது மீதி 10 சதவீதம்தான். எண்ணெய் பட்டால் உராய்வு குறையும். அதே அளவுக்கு இறுக்கினாலும் போல்ட் நினைத்ததைவிட அதிகமாக இழுபடும். ரெஞ்ச் சரியாக 'கிளிக்' என்று சொல்லும், உள்ளே போல்ட் நீண்டு போயிருக்கும். அதனால்தான் மேனுவலில் உலர்ந்த மரையா, எண்ணெய் போட்ட மரையா என்று பிரித்துச் சொல்லியிருப்பார்கள்.

செல்ஃப் லாக்கிங் நட் (தானாகத் தளராத நட்) என்றால் இன்னொன்று உண்டு. நட் உட்காருவதற்கு முன், சும்மா ஓடும்போதே ஒரு விசை தேவைப்படும். பொதுவாக அதை அளந்து, சொல்லப்பட்ட டார்க்கோடு கூட்ட வேண்டும். மேனுவல் ஏற்கெனவே சேர்த்துக் கொடுத்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரெஞ்சின் நீளத்தைக் கூட்டும் எக்ஸ்டென்ஷன் அடாப்டர் பற்றியும் பலர் கேட்டிருந்தார்கள். ரெஞ்ச் நீளம் 12 அங்குலம், நேர்கோட்டில் 3 அங்குல அடாப்டர், வேண்டிய டார்க் 100 இன்ச் பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். 100-ஐ 12-ஆல் பெருக்கி 15-ஆல் வகுத்தால் 80. ரெஞ்சில் 80-தான் வைக்க வேண்டும். அடாப்டரை 90 டிகிரி திருப்பி மாட்டினால் இந்தக் கணக்கு வேண்டாம். அப்புறம் இன்ச் பவுண்டா, ஃபுட் பவுண்டா என்று இரண்டு முறை படியுங்கள். மாறினால் 12 மடங்கு வித்தியாசம்.

கேள்வி (பயிற்சி மெக்கானிக், பெங்களூரு): ஸ்பிளிட் பின் (நட் கழலாமல் இருக்கச் செருகும் ஊசி) போடும்போது போல்ட்டின் ஓட்டையும் நட்டின் வெட்டும் நேராக வரவில்லை என்றால், நட்டைக் கொஞ்சம் தளர்த்திச் சேர்க்கலாமா?

கூடாது. குறைந்தபட்ச டார்க்கில் ஆரம்பித்து, மேனுவல் அனுமதிக்கும் அதிகபட்சம்வரை மெல்ல இறுக்கிப் பாருங்கள். அப்படியும் வரவில்லையா, வாஷரையோ நட்டையோ மாற்றுங்கள்.

கேள்வி (மாணவி, சென்னை): அண்ணா, லாக்வயர் (போல்ட் தளராமல் கட்டும் கம்பி) எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் குழம்புகிறது. எளிய வழி உண்டா?

பக்கத்தை மனப்பாடம் செய்யாதீர்கள் தங்கச்சி. 'இந்த போல்ட் தளர முயன்றால் வயர் என்ன ஆகும்?' என்று மட்டும் கேளுங்கள். வயர் இன்னும் விறைப்பாக வேண்டும். தொய்ந்தால் நீங்கள் எதிர்ப்பக்கம் போட்டிருக்கிறீர்கள், வெட்டிவிட்டுப் புது வயர் போடுங்கள். 0.032 அங்குல வயருக்கு அங்குலத்துக்கு 6 முதல் 8 முறுக்கு. அதிகம் முறுக்கினால் வயர் விறைத்து, என்ஜின் அதிர்வில் அறுந்துபோகும். முனையை உள்ளே மடக்கிவிடுங்கள், அடுத்த ஷிப்டில் வருபவரின் கை கிழியாமல் இருக்கும்.

கேள்வி (ஒரு வருட அனுபவமுள்ள மெக்கானிக், ஹைதராபாத்): பழைய போல்ட்டைக் கழற்றி, அதே மாதிரி ஒன்றை ஸ்டோரில் பார்த்து எடுத்துப் போட்டால் என்ன தப்பு? ஒவ்வொன்றுக்கும் பார்ட் நம்பர் தேடினால் நேரம் போகிறதே, சார்.

இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன். நம் தொழிலில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இதுதான்.

1990 ஜூன் 10. பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் 5390, பர்மிங்ஹாமிலிருந்து மலாகாவுக்குப் போகிறது. பிஏசி ஒன்-லெவன் ரகம். 17,300 அடி உயரத்தில் கேப்டன் பக்கத்து விண்ட்ஸ்கிரீன் அப்படியே பிய்த்துக்கொண்டு போனது. கேப்டனின் உடல் பாதி வெளியே இழுக்கப்பட்டது. விமானப் பணியாளர்கள் அவர் கால்களைப் பிடித்துக்கொண்டே இருக்க, துணை விமானி சவுத்தாம்ப்டனில் இறக்கினார். கேப்டன் உட்பட எல்லோரும் பிழைத்தார்கள்.

அந்த விண்ட்ஸ்கிரீன் முந்தைய நாள் அதிகாலையில்தான் மாற்றப்பட்டிருந்தது. அதைப் பிடித்திருந்த போல்ட்டுகள் 90. அவற்றில் 84 போல்ட்டுகளின் விட்டம் தேவையானதைவிட 0.026 அங்குலம், அதாவது 0.66 மில்லிமீட்டர் குறைவு. மீதி 6-க்கு விட்டம் சரி, நீளம் போதாது. மாற்றியவர் அனுபவம் மிக்க ஷிப்ட் மேலாளர். கழற்றிய பழைய போல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, வெளிச்சம் குறைந்த இடத்தில் இருந்த போல்ட் அலமாரியில் ஒப்பிட்டுப் பார்த்து எடுத்தார். பாகங்களின் பட்டியலைத் திறந்து பார்க்கவில்லை.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது இன்னும் ஒன்று. அவர் கழற்றிய பழைய போல்ட்டுகளே பெரும்பாலும் சரியானவை அல்ல, குறித்த நீளத்தைவிடக் குட்டையானவை. அவருக்கு முன்னால் யாரோ தவறாகப் போட்டது. 'பழையதைப் போலவே' என்று நாம் எடுக்கும்போது அந்தப் பழையது சரியானது என்று நம்புகிறோம். அந்த நம்பிக்கைக்கு எந்த ஆதாரமும் கிடையாது. ஐபிசியில் (பாகங்களின் படப் பட்டியல்) நம்பரைத் தேட ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடம் உங்கள் வேலைக்குள் அடக்கம், சூப்பர்வைசர் முறைத்தாலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (மாணவர், கோவை): அலுமினியத் தகட்டில் பென்சிலால் கோடு போட்டதற்கு வாத்தியார் திட்டினார். பென்சிலால் என்ன ஆகிவிடும்?

பென்சில் முனை கிராஃபைட். அலுமினியத்தோடு ஈரமும் சேர்ந்தால் அங்கே ஒரு குட்டி மின்கலம் உருவாகும், அரிபடுவது அலுமினியம். நீங்கள் போட்ட கோட்டின் வழியாகவே அரிப்பு நடக்கும். கூர்மையான ஊசியால் கீறுவதும் ஆபத்து, கீறலில் விரிசல் தொடங்கும். அனுமதிக்கப்பட்ட மார்க்கர் இருக்கிறது, அதை வாங்குங்கள்.

கேள்வி (தரைப் பணியாளர், துபாய்): விமான டயருக்கு நைட்ரஜன்தான் அடிக்க வேண்டும் என்கிறார்கள். காற்றிலேயே முக்கால் பங்குக்கு மேல் நைட்ரஜன் தானே?

அந்த மீதிப் பங்கில் இருக்கும் ஆக்ஸிஜன்தான் பிரச்சினை. பிரேக் அளவுக்கு மீறிச் சூடானால் டயரின் உட்புற ரப்பரிலிருந்து எரியக்கூடிய ஆவி வரும். அதோடு ஆக்ஸிஜனும் சேர்ந்தால் டயர் உள்ளிருந்தே வெடிக்கும். 1986 மார்ச் 31 அன்று மெக்சிகோ சிட்டியிலிருந்து கிளம்பிய மெக்சிகானா 940 விமானத்தில் இதுதான் நடந்தது. பிரேக் உரசிச் சூடாகி, நைட்ரஜனுக்குப் பதில் காற்று நிரப்பிய டயர் பறக்கும்போது வெடித்தது. எரிபொருள் குழாயும் ஹைட்ராலிக் குழாயும் சேதமாகித் தீப்பிடித்தது. 167 பேர் இறந்தார்கள்.

பிரேக் சூடாக இருக்கும் சக்கரத்தை முன்னாலிருந்தோ பின்னாலிருந்தோதான் நெருங்க வேண்டும். பக்கவாட்டில் நிற்காதீர்கள், வீல் உடைந்தால் துண்டுகள் அந்தப் பக்கம்தான் பறக்கும்.

கேள்வி (பயிற்சி மெக்கானிக், கொழும்பு): ஹைட்ராலிக் எண்ணெய் சிவப்பு, ஊதா என இரண்டு பார்த்தேன். அவசரத்துக்கு ஒன்றுக்குப் பதில் மற்றதை ஊற்றலாமா?

எந்த அவசரத்துக்கும் முடியாது. சிவப்பு கனிம எண்ணெய், சிறிய விமானங்களிலும் பழைய ரகங்களிலும் இருக்கும். ஊதா பாஸ்ஃபேட் எஸ்டர், ஸ்கைட்ரால் என்ற பெயரில் தெரிந்திருக்கும், பெரிய பயணிகள் விமானங்களில் இருப்பது. ஒன்றுக்கான ரப்பர் சீல் மற்றதில் ஊறி வீங்கிவிடும். தப்பித் தவறி ஊற்றிவிட்டால் மறைக்காமல் உடனே சொல்லுங்கள். ஸ்கைட்ரால் கண்ணில் பட்டால் எரிச்சல் தாங்க முடியாது, கண்ணாடி போடாமல் அந்த லைனைத் திறக்காதீர்கள். 3000 பிஎஸ்ஐ அழுத்தத்தில் ஊசி முனை ஓட்டை இருந்தாலும் எண்ணெய் தோலுக்குள் புகுந்துவிடும். கசிவைக் கையால் தடவித் தேட வேண்டாம், அட்டையைக் காட்டிப் பாருங்கள்.

கேள்வி (மாணவர், மதுரை): விமானத்தின் வயதை மணிக்கணக்கில் பார்ப்பதா, சைக்கிள் கணக்கிலா?

இரண்டும் பார்க்கிறோம். ஒரு முறை ஏறி இறங்குவது ஒரு சைக்கிள். பல பாகங்களுக்கு மணி முக்கியம், உடற்பகுதிக்குச் சைக்கிள் முக்கியம். ஒவ்வொரு முறை மேலே ஏறும்போதும் கேபினுக்குள் காற்றழுத்தம் ஏறி உடற்பகுதி உப்புகிறது, இறங்கும்போது சுருங்குகிறது. தகட்டில் சோர்வு (திரும்பத் திரும்ப இழுபடுவதால் வரும் பலவீனம்) சேர்வது இந்த உப்பலால்.

ஹவாயில் 1988 ஏப்ரல் 28 அன்று அலோஹா 243 விமானத்தின் முன்பகுதிக் கூரை சுமார் 18 அடிக்குப் பிய்ந்து பறந்தது. போயிங் 737, 35,496 மணி நேரம்தான் பறந்திருந்தது, ஆனால் 89,680 சைக்கிள். தீவிலிருந்து தீவுக்குச் சராசரியாக அரை மணிக்கும் குறைவான பயணங்கள், சுற்றிலும் உப்புக் காற்று. தகடுகள் ஒன்றன் மேல் ஒன்று வரும் இணைப்பில் ஒட்டு விட்டு, அரிப்பு ஏறி, ரிவெட் (தகடுகளை இணைக்கும் ஆணி) ஓட்டைகளில் சிறு சிறு விரிசல்கள் ஒன்றாகச் சேர்ந்தன. பணிப்பெண் ஒருவர் தூக்கி வீசப்பட்டு இறந்தார். விமானத்தில் ஏறும்போதே ஒரு பயணி விரிசலைப் பார்த்திருக்கிறார், யாரிடமும் சொல்லவில்லை. இன்ஸ்பெக்‌ஷனுக்குப் போனால் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து ரிவெட் வரிசையை மெதுவாகப் பாருங்கள். வெளிச்சத்தை நேராக அடித்தால் விரிசல் தெரியாது.

கேள்வி (மெக்கானிக், தோஹா): ஷிப்ட் மாறும்போது வேலை பாதியில் இருக்கிறது. அடுத்தவரிடம் வாயால் சொன்னால் போதாதா?

போதாது. 1991 செப்டம்பர் 11 அன்று டெக்சாஸில் கான்டினென்டல் எக்ஸ்பிரஸ் 2574 விழுந்து 14 பேரும் இறந்தார்கள். முந்தைய இரவு வால் இறக்கையின் முன்விளிம்பில் மேல்பக்கத்து 47 ஸ்குருக்களை ஒரு ஷிப்டில் கழற்றினார்கள். அடுத்த ஷிப்டுக்கு அது தெரியாததால், ஸ்குருக்களைத் திரும்பப் போடாமலே விமானம் கிளம்பியது. கீழிருந்து பார்த்தால் தெரியாத இடம் அது. கழற்றியவுடனேயே எழுதுங்கள், ஷிப்ட் முடியட்டும் என்று வைக்காதீர்கள். கழற்றிய ஸ்குருக்களை ஒரு பையில் போட்டு, எந்த இடத்தது என்று டேக் கட்டி அங்கேயே தொங்கவிடுங்கள்.

கேள்வி (பிளஸ் டூ மாணவி, சேலம்): பி1, பி2-வில் எது நல்லது?

பி1 என்ஜின், உடற்பகுதி, மின்சாரம். பி2 ஏவியானிக்ஸ், அதாவது விமானத்தின் மின்னணுக் கருவிகள். வயரிங் டயக்ராமைப் பார்த்தால் உங்களுக்கு ஆர்வம் வருகிறதா, பி2 எடுங்கள். எது எடுத்தாலும் லைசென்ஸ் தேர்வின் ஒவ்வொரு மாட்யூலிலும் (பாடப் பகுதி) 75 சதவீதம் வேண்டும்.

கேள்வி (மாணவர், ஓசூர்): சில ரிவெட்டுகளை ஃப்ரீசரில் வைக்கிறார்களே, எதற்கு?

2024 அலுமினியக் கலவை ரிவெட்டுகள் அவை, தலையில் இரண்டு சிறு கோடுகள் இருக்கும். அப்படியே அடித்தால் விரிசல் விட்டுவிடும் அளவுக்குக் கெட்டி. சூடாக்கிக் குளிர்வித்தால் மிருதுவாகும், ஆனால் அறை வெப்பத்தில் தானாகவே திரும்பக் கெட்டிப்படத் தொடங்கும். குளிர் அதைத் தாமதப்படுத்துகிறது. வெளியே எடுத்தால் சில நிமிடங்களுக்குள் அடித்துவிட வேண்டும். அதனால் ஓட்டைகள் எல்லாம் தயாரான பிறகு, தேவையான எண்ணிக்கையை மட்டும் எடுங்கள். நேரம் தாண்டியதை மறுபடி ஃப்ரீசரில் போட்டால் மிருதுவாகாது, மீண்டும் சூடாக்கித்தான் ஆக வேண்டும்.