பிழை திருத்தும் டிகோடர் படித்தால் வேலை கிடைக்குமா? ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

வணக்கம் அம்மா. ஈசிஇ மூன்றாம் ஆண்டு படிக்கும் உங்கள் மகள், கைபேசியில் பிழை திருத்தும் டிகோடரின் பேட்டரிச் செலவைக் குறைப்பதை இறுதியாண்டு ப்ராஜெக்டாக எடுத்திருக்கிறாள், எம்.டெக்கும் அதிலேயே படிக்க ஆசைப்படுகிறாள், இதற்கெல்லாம் யார் வேலை கொடுப்பார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். வேலை உண்டு. ஆனால் எப்படிப் படித்தால் உண்டு என்பதுதான் முக்கியம்.

டவரிலிருந்து வரும் சிக்னல் வழியில் சிதைந்துதான் கைபேசிக்கு வந்து சேரும். அதனால் அனுப்பும்போதே கூடுதல் பிட்டுகளைச் சேர்த்து அனுப்புவார்கள். அவற்றை வைத்து மூலத் தகவலை மீட்பது டிகோடரின் வேலை. 1993-இல் பிரான்சைச் சேர்ந்த பெரூ, க்ளாவியூ குழுவினர் டர்போ கோடு முறையை வெளியிட்டார்கள். அதில் இரண்டு டிகோடர்கள் ஒவ்வொரு பிட்டைப் பற்றியும் தங்கள் கணிப்பை மாற்றி மாற்றிக் கொடுத்து, சுற்றுக்குச் சுற்று உறுதிப்படுத்திக்கொள்ளும். 3ஜி, 4ஜி டேட்டாவுக்கு இந்த முறைதான். 5ஜி டேட்டாவுக்கு எல்டிபிசி என்ற இன்னொரு பிழை திருத்தும் முறை வந்தது. எம்ஐடியில் கேலகர் 1960-களின் தொடக்கத்திலேயே கண்டறிந்த முறை அது. அதிலும் சுற்றுகள் உண்டு.

ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் பேட்டரி, கொஞ்சம் நேரம் போகும். எட்டுச் சுற்று வரை போகலாம் என்று சர்க்யூட்டை வடிவமைத்திருந்தாலும், சிக்னல் நன்றாக இருந்தால் இரண்டு மூன்று சுற்றிலேயே விடை வந்துவிடும். வந்துவிட்டது என்று எப்படித் தெரியும்? 4ஜியில் ஒரு பிளாக், அதாவது ஒரே தடவையில் டிகோடு செய்யும் பிட்டுகளின் தொகுப்பு, அதிகபட்சம் 6144 பிட். அதன் கடைசியில் 24 பிட் சிஆர்சி என்ற சரிபார்ப்புக் குறி இருக்கும். வீட்டுக் கணக்கு நோட்டில் மொத்தம் பொருந்திவிட்டால் நாம் மறுபடி கூட்டிப் பார்ப்பதில்லை அல்லவா, அப்படித்தான் சிஆர்சி பொருந்தியதும் டிகோடரை நிறுத்திவிடலாம். எல்டிபிசியில் பாரிட்டி சமன்பாடுகள் (பிட்டுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கும் கணக்குகள்) எல்லாம் பொருந்தினாலே நிறுத்தலாம்.

எனக்கு இதைவிடச் சுவையாகத் தோன்றுவது இதன் மறுபக்கம். சிக்னல் மிக மோசமாக இருக்கும்போது எத்தனை சுற்று ஓட்டினாலும் பிளாக் மீளாது. அதை ஆரம்பத்திலேயே கண்டுகொண்டு, "மறுபடி அனுப்பு" என்று கேட்டுவிட்டால் மிச்சச் சுற்றுகளின் செலவு மிச்சம். அவசரப்பட்டால், இன்னும் ஒரு சுற்றில் தேறியிருக்கக்கூடிய பிளாக்கையும் கைவிட நேரும். எந்த இடத்தில் கைவிடுவது என்பதை உங்கள் மகள் ஆராயட்டும். நல்ல ப்ராஜெக்ட் அங்கே இருக்கிறது.

பெரும்பாலான மாணவர்கள் பிழை விகித வரைபடம் ஒன்றைப் போட்டுவிட்டு முடித்துக்கொள்கிறார்கள். அது போதாது. சிக்னல் தரம் ஏற ஏற சராசரிச் சுற்றுகள் எப்படிக் குறைகின்றன, முன்கூட்டியே நிறுத்தியதால் பிழை விகிதம் கூடியதா, நிறுத்தலாமா என்று பார்க்கிற சர்க்யூட்டே எவ்வளவு மின்சாரம் தின்கிறது, இந்த மூன்றையும் அவள் அளந்து காட்ட வேண்டும். இன்டர்வியூவில் ஒரு கேள்வி வர நிறைய வாய்ப்பு உண்டு: "சராசரி மூன்று சுற்று, சரி. ஒரு பிளாக்குக்கு எட்டுச் சுற்றும் தேவைப்பட்டால் அடுத்த பிளாக் என்ன ஆகும்?" உள்ளே வரும் பிளாக்குகளைக் காத்திருக்க வைக்க பஃபர் இருந்தால்தான் சராசரியில் மிச்சமான நேரம் கைக்கு வரும். அந்த நேரம் கிடைத்தால் சர்க்யூட்டை மெதுவாக, குறைந்த வோல்டேஜில் ஓட்டலாம். சர்க்யூட் இயங்குவதால் ஆகும் மின்செலவு வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், வோல்டேஜைக் கொஞ்சம் இறக்கினாலும் லாபம் பெரிது. ஆனால் பஃபர் சிப்பில் இடம் பிடிக்கும், தாமதத்தையும் கூட்டும். இந்தப் பேரத்தை எண்களோடு பேசத் தெரிந்தவளை எந்த சிப் நிறுவனமும் கவனிக்கும்.

"டிகோடர் இன்ஜினியர்" என்ற பெயரில் வரும் விளம்பரங்கள் குறைவுதான், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மோடம் சிப், வைஃபை சிப், செயற்கைக்கோள் ரிசீவர், கணினியில் தகவலைச் சேமிக்கும் எஸ்எஸ்டியின் கன்ட்ரோலர் எல்லாவற்றிலும் இதே எல்டிபிசி இருக்கிறது. அல்காரிதம் பக்கம் போக எம்.டெக் பெரும்பாலும் தேவைப்படும். பி.இ. முடித்த கையோடு நுழைய வெரிஃபிகேஷன் வேலை, அதாவது சிப் டிசைனில் தவறு இருக்கிறதா என்று சோதிக்கும் வேலை, எளிய வாசல், பிறகு சர்க்யூட்டையே எழுதும் ஆர்டிஎல் டிசைனுக்கு மாறிக்கொள்ளலாம்.

இந்த ஒரு வருடத்தில் அவள் நிகழ்தகவையும் நேரியல் இயற்கணிதத்தையும் திடமாக்கிக்கொள்ளட்டும். சி++ அல்லது மேட்லாபில் முதலில் முழுத் துல்லியத்தில் கணக்கிடும் மிதவைப்புள்ளி மாடல், அப்புறம் சிப்பில் இருப்பதுபோல் ஐந்தாறு பிட்டில் ஓடும் நிலைப்புள்ளி மாடல், கடைசியில் சர்க்யூட்டை விவரிக்கும் மொழியான வெரிலாக். வெரிலாக்கை ஓட்டிப் பார்க்கும் வெரிலேட்டர், ஐகாரஸ் மென்பொருள்கள் இரண்டும் இலவசம். 5ஜி எல்டிபிசி பற்றியும், 5ஜியின் இன்னொரு பிழை திருத்தும் முறையான போலார் கோடுகள் பற்றியும் ஐஐடி மெட்ராஸ் பேராசிரியர் ஆண்ட்ரூ தங்கராஜ் எடுத்த என்பிடெல் இணைய வகுப்பும் இலவசமாகவே கிடைக்கிறது. மொபைல் தரங்களை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பின் 38.212 ஆவணத்தைத் தரவிறக்கி, எல்டிபிசி பகுதியை மட்டுமாவது ஒருமுறை பொறுமையாகப் படிக்கச் சொல்லுங்கள்.

எம்.டெக் என்றால் இன்னும் இரண்டு வருடச் செலவா என்ற கவலையும் உங்கள் கடிதத்தில் தெரிந்தது. கேட் நுழைவுத்தேர்வு மதிப்பெண்ணோடு ஐஐடி, என்ஐடியில் உதவித்தொகை இடம் கிடைத்தால் மாதம் 12,400 ரூபாய் வரும், வீட்டுப் பாரம் பெரிதும் குறையும். கேட் மதிப்பெண் போதவில்லை என்றால் கடன் வாங்கி ஏதோ ஒரு கல்லூரியில் எம்.டெக் சேர்க்க வேண்டாம். அதற்கு வெரிஃபிகேஷன் வேலையே மேல். கேம்பஸில் சாஃப்ட்வேர் வேலை வந்தால் வாங்கி வைத்துக்கொள்ளட்டும், ஆனால் பாண்ட் இருக்கிறதா, எத்தனை வருடம் என்று படித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். கேட் முடிவு பெரும்பாலும் மார்ச்சில் வந்துவிடும். வேலையில் சேரும் தேதி அதற்குப் பிறகுதான் இருக்கும், எம்.டெக்கா வேலையா என்று அப்போது முடிவெடுக்கலாம்.