மைக்ரேன் இருந்தால் எதை எல்லாம் சாப்பிடக் கூடாது?

சாக்லேட், சீஸ், காபி, அஜினோமோட்டோ எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்கிறார்களே, நிறுத்தினால் ஒற்றைத் தலைவலி போய்விடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கல்லூரிக் காலத்திலிருந்து மைக்ரேனோடு வாழ்கிறவள் நான். இப்போது பெங்களூரில் அவுட்டர் ரிங் ரோடு பக்கம் வேலை. என்னைக் கேட்டால், எதைச் சாப்பிட்டோம் என்பதைவிட எப்போது சாப்பிட்டோம் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

மைக்ரேன் உள்ள மூளை மாற்றத்தைத் தாங்காது. பட்டினி அதற்குப் பெரிய தூண்டுதல். இந்த ஊரில் பட்டினி தானாகவே அமைந்துவிடும். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் கேப் ஏறி, சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் சிக்கி, மீட்டிங் முடிந்து டப்பாவைத் திறக்கும்போது மணி மூன்று. அன்று மாலை தலை வலித்தால் பழி மட்டும் மதியம் சாப்பிட்ட தயிர் சாதத்துக்கு! அல்சூரில் இருக்கும் என் அத்தை சஷ்டி விரதத்தன்று சாயங்காலமே தலையில் துணியைக் கட்டிக்கொண்டு படுத்துவிடுவார். கேட்டால் "பித்தம்டி" என்பார். ரம்ஜான் நோன்பின் தொடக்க நாட்களிலும் பலருக்கு இப்படித் தலை வலிக்கும்.

காபி கொஞ்சம் சிக்கலான விஷயம். தினமும் 200 மில்லிகிராமுக்கு மேல் கஃபீன் எடுத்துப் பழகியவர்கள் திடீரென்று நிறுத்தினால் 24 மணி நேரத்துக்குள் தலைவலி வரலாம். சனிக்கிழமை தாமதமாக எழுந்து, முதல் காபியும் தள்ளிப்போய், தலைவலியோடு விடுமுறையைத் தொடங்குகிற ஐடிக்காரர்கள் இங்கே நிறையப் பேர். குறைப்பதானால் மெதுவாகக் குறையுங்கள். தர்ஷினியில் (நின்றபடி சாப்பிடும் சிறு ஓட்டல்) முழுக் காபிக்குப் பதில் பை டூ, அதாவது ஒரு காபியை இரண்டாகப் பங்கிட்டுத் தரச் சொல்லலாம்.

சாக்லேட் மேல் எனக்குக் கொஞ்சம் பரிதாபம் உண்டு. வலி தொடங்குவதற்குச் சில மணி நேரமோ ஒன்றிரண்டு நாளோ முன்பே சிலருக்குக் கொட்டாவி வரும், கழுத்து இறுகும், இனிப்புக்கு நாக்கு ஏங்கும். அப்போது சாக்லேட் சாப்பிடுவோம், அப்புறம் வலி வரும். மைக்ரேன் கிளம்பியதால் சாக்லேட் தேடியிருப்போம், சாக்லேட்டால் மைக்ரேன் வந்தது என்று நினைத்துக்கொள்வோம்.

ரெட் ஒயினும் நாள்பட்ட சீஸும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, உண்மைதான். கோபி மஞ்சூரியனை இதில் இழுக்காதீர்கள். 2024-இல் கர்நாடக அரசு தடை செய்தது அதில் போடும் செயற்கை நிறங்களை. அதற்கும் தலைவலிக்கும் சம்பந்தமில்லை.

உங்களுக்கு எது ஆகாது என்று தெரிய வேண்டுமானால் இரண்டு மூன்று மாதம் எழுதி வையுங்கள்: சாப்பிட்ட நேரம், தூக்கம், வலி வந்த நேரம். பெண்கள் மாதவிடாய்த் தேதியையும் சேர்த்து எழுதுங்கள். அந்த நாட்களில் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் இறங்குவதே பலருக்கு வலியைக் கொண்டுவரும். அது தெரியாமல் முந்தின நாள் கத்தரிக்காயைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

உணவையே மாற்றிப் பார்த்த ஆராய்ச்சி ஒன்று 2021-இல் பிஎம்ஜே என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தது. அமெரிக்காவில் 182 பேர், 16 வாரம். ஒமேகா-3 உள்ள மீன் வகைகளைக் கூட்டி, தாவர எண்ணெய்களில் உள்ள லினோலிக் அமிலம் என்ற கொழுப்பைக் குறைத்தவர்களுக்கு, வழக்கமான உணவு சாப்பிட்டவர்களைவிட மாதம் சுமார் 4 தலைவலி நாட்கள் குறைந்தன. நம் வீட்டு சூரியகாந்தி எண்ணெயில் லினோலிக் அமிலம் அதிகம். மீன் சாப்பிடுகிறவர்களுக்கு மத்தியும் அயிலையும் இருக்கவே இருக்கின்றன.

ஒரு விஷயம் மட்டும் சாப்பாட்டைவிட அவசரம். பாராசிட்டமால் போன்ற சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மைக்ரேனுக்கென்றே கொடுக்கும் டிரிப்டான் வகை மாத்திரையை 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்து போட்டால் மாத்திரையே தலைவலியை உண்டாக்கும். அந்த நிலையில் இருந்தால் எண்ணெயை மாற்றுவதெல்லாம் அப்புறம், முதலில் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.