வலியும் தியானமும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஆறு வருடமாக எனக்கு முடக்குவாதம். காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்கு விரல் மடங்காது. பால் பாக்கெட்டைப் பல்லால் கடித்துத்தான் திறக்கிறேன். அதற்கு வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை எடுக்கிறேன். “அதை விட்டுட்டு தியானம் பண்ணு, எல்லாம் சரியாயிடும்” என்கிறார் மாமியார். போனில் ஒரு செயலியைப் போட்டு மூச்சைக் கவனித்துப் பார்த்தேன். வலி கூடினதுதான் மிச்சம். நான் சரியாகச் செய்யவில்லையா?

(பெயர் வேண்டாம்), திருச்சி

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் மாத்திரை. மருத்துவர் சொல்லாமல் அதை நிறுத்தாதீர்கள். முடக்குவாதத்தில் உடம்பின் நோய் எதிர்ப்பு மண்டலமே மூட்டைத் தாக்குகிறது. மூச்சைக் கவனித்து அதை நிறுத்திவிட முடியாது. மாமியாரிடம் வாதாடவும் வேண்டாம். “சரிங்க அத்தை” என்று சொல்லிவிட்டு மாத்திரையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

விபாசனா என்ற தியான முறையை இந்தியாவில் பரப்பிய எஸ். என். கோயங்கா பர்மாவில் பிறந்த மார்வாடி வியாபாரி. ஒற்றைத் தலைவலிக்கு மார்ஃபின் ஊசி போட்டுக்கொள்ளும் நிலைக்கு வந்தவர். எந்த வைத்தியமும் பலிக்காமல் 1955இல் ரங்கூனில் ஊ பா கின்னிடம் போனார். அரசாங்கக் கணக்குத் துறையில் பெரிய பதவி வகித்துக்கொண்டே தியானம் சொல்லிக்கொடுத்தவர் ஊ பா கின். தலைவலி தீர வேண்டும் என்பதற்காக வந்தால் சேர்த்துக்கொள்ள மாட்டேன் என்று முதலில் மறுத்துவிட்டார். தியானப் பிரசங்கிகள் இந்த இடத்தை மட்டும் சௌகரியமாகத் தாண்டிவிடுவார்கள்.

அமெரிக்காவில் ஜான் கபாட்-சின் 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் தொடங்கிய எட்டு வாரத் தியானப் பயிற்சியும் சிகிச்சையோடு சேர்த்துச் செய்வதுதான். நாட்பட்ட முதுகுவலி உள்ள 342 பேரை வைத்து நடந்த ஆய்வு ஒன்று 2016இல் வெளியானது. அன்றாட வேலைகளைச் செய்வதில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டவர்கள், இந்தப் பயிற்சி பெற்றோரில் சுமார் 60 சதவீதம். வழக்கமான சிகிச்சையில் மட்டும் இருந்தோரில் 44. உதவுகிறது, அவ்வளவுதான்.

வலி கூடியது உங்கள் தவறல்ல. பகலெல்லாம் வேலையில் மறந்திருந்ததை உட்கார்ந்து பார்த்தால் பெரிதாகத்தான் தெரியும். மூச்சை விட்டுவிடுங்கள். படுத்துக்கொண்டு இடது கால் விரலில் தொடங்கி ஒவ்வொரு பாகமாக மேலே வாருங்கள். கைக்கு வந்ததும் என்ன இருக்கிறது என்று பாருங்கள்: சூடு, இறுக்கம், துடிப்பு. கூடவே “கை கோணிப்போயிடுமா, அப்புறம் யார் சமைப்பா” என்று ஒன்று ஓடும். அது மூட்டிலிருந்து வருவதல்ல. மூட்டின் வலி குறையாத நாளிலும் இந்த ஓட்டம் கொஞ்சம் அடங்கும். பயிற்சியில் கிடைப்பது பெரும்பாலும் அதுதான். தாங்க முடியாவிட்டால் பல்லைக் கடித்துக்கொண்டு அங்கேயே நிற்காதீர்கள், உள்ளங்காலுக்குத் திரும்பிவிடுங்கள். மூட்டு வீங்கிச் சிவந்த நாளில் இதெல்லாம் வேண்டாம். மருத்துவருக்குப் போன் போடுங்கள்.

யாராவது பத்து நாள் விபாசனா முகாமுக்குக் கூப்பிட்டால் இப்போதைக்குப் போகாதீர்கள். அங்கே விடிகாலை நாலு மணிக்கே எழுப்பிவிடுவார்கள். உங்களுக்கு வீட்டிலேயே இருபது நிமிடம் போதும், அதுவும் வெயில் ஏறி விரல் இளகிய பிறகு.