கரட்டு வெயிலில் நாயோடு நடப்பது: கேட்டவர்களுக்குப் பதில்

கிருஷ்ணகிரியைச் சுற்றியுள்ள கரடுகளில், அதாவது பாறைக் குன்றுகளில், பதினோரு ஆண்டுகளாக நாய்களோடு ஏறி இறங்குகிறேன். முன்பு சிப்பிப்பாறை இன நாய் ஒன்று உடன் வந்தது. இப்போது தெருவில் கிடைத்த நாட்டு நாய் ஒன்று வருகிறது. நான் கால்நடை மருத்துவர் அல்ல. பட்டுத் தெரிந்துகொண்டதையும், மருத்துவர்களிடம் கேட்டுத் தெளிந்ததையும் எழுதுகிறேன்.

ஓசூர், லாப்ரடார் வளர்ப்பவர்: அக்கா, ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு ராயக்கோட்டை மலையில் ஏறத் தொடங்கலாம் என்றிருக்கிறோம். நேரம் சரிதானே?

சரியில்லை. பங்குனி, சித்திரையில் ஒன்பது மணிக்கு நீங்கள் இறங்கி முடித்திருக்க வேண்டும். விடியும் வெளிச்சத்தில் ஏறத் தொடங்குங்கள். நமக்குச் செருப்பு இருக்கிறது, நாய்க்கு உள்ளங்கால்தான். புறங்கையைப் பாறைமீது வைத்து ஏழு எண்ணுங்கள். அதற்குள் கையை எடுக்கத் தோன்றினால் அந்தப் பாறையில் நாய் நடக்கக் கூடாது.

இன்னொன்று. ராயக்கோட்டைக் கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் நினைவுச்சின்னம். அத்தகைய இடங்களில் விலங்குகளுக்குக் கட்டுப்பாடு உண்டு. அங்கே போய்த் திரும்புவதைவிட, உங்கள் ஊருக்கு அருகில் ஆடு மேயும் கரடு ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

காவேரிப்பட்டணம்: காலையில் எழ முடிவதில்லை. மாலை ஐந்து மணிக்குப் போகலாமா?

வெயில் சாய்ந்தாலும் கருங்கல் ஆறாது. பகல் முழுவதும் குடித்த சூட்டை இருட்டிய பிறகும் கக்கிக்கொண்டிருக்கும். நம் முகத்தில் காற்று படுவதால் நமக்குத் தெரிவதில்லை. நாயின் வயிறோ பாறைக்கு ஒரு முழ உயரத்தில் இருக்கிறது. மாலையில்தான் முடியும் என்றால் மலை வேண்டாம், ஏரிக்கரை மண்பாதையில் நடங்கள்.

தருமபுரி, கல்லூரி மாணவர்: என்னிடம் பக் நாய் இருக்கிறது. வத்தல்மலைக்கு நடந்தே ஏற்ற ஆசை.

வேண்டாம் தம்பி. நாய்க்கு உடம்பெல்லாம் வியர்க்காது, பாதத்தில் மட்டும் கொஞ்சம் வியர்க்கும். வாயைத் திறந்து இரைத்து இரைத்துத்தான் அது சூட்டை வெளியேற்றுகிறது. பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு அந்த வழியே குறுகலாக இருக்கிறது. மேட்டில் ஏறினால் இரைப்பே அதற்கு இன்னொரு உழைப்பாகிவிடும். அதிகாலையில் வண்டியில் மேலே போய், நிழலில் கால் மணி நேரம் நடத்திக் கூட்டி வாருங்கள். ஆனால் பூட்டிய வண்டிக்குள் விட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போகாதீர்கள், ஐந்து நிமிடம்கூட.

பர்கூர்: வெயில் தாக்கியிருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தாக்கிவிட்டால் என்ன செய்வது?

இதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் சிப்பிப்பாறையை இதில் இழக்கப் பார்த்தேன். ஒரு பங்குனி மாதம், காலை பத்து மணி, இறங்கிக்கொண்டிருந்தோம். அதுவரை எனக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. சோர்வுக்கான அடையாளம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. உண்மையில் அடையாளம் இருந்தது: இருமுறை நிழலில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் "வா" என்றேன், அது வந்தது. நாம் கூப்பிட்டால் விழும்வரை வரும் பிராணி அது. மூன்றாவது முறை பின்னங்கால்கள் பின்னிக்கொண்டன.

ஆகவே முதல் அறிகுறி நிழல் தேடுவது. அடுத்தது, நின்ற பிறகும் அடங்காத இரைப்பு. நாக்கு அகன்று தொங்கும், எச்சில் கொழகொழவென்று நூலாக இறங்கும். ஈறு செங்கல் நிறத்துக்கு மாறுவது, வாந்தி, தள்ளாட்டம் ஆகியவை வந்துவிட்டால் ஒரு நிமிடமும் வீணாக்கக் கூடாது. நாயின் இயல்பான உடல் வெப்பம் ஏறக்குறைய 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். 41 டிகிரியைத் தாண்டினால் உள்ளுறுப்புகள் பழுதாகத் தொடங்கும்.

முதலில் குளிர்வியுங்கள், பிறகு வண்டியில் ஏற்றுங்கள். நிழலில் கிடத்தி, வயிறு, அக்குள், தொடையிடுக்கு, பாதங்கள் எங்கும் தண்ணீரை ஊற்றிக்கொண்டே விசிறுங்கள். அன்று ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் தன் குடிதண்ணீர்க் குடத்தை அப்படியே கவிழ்த்தார். இல்லையென்றால் என் நாய் பிழைத்திருக்காது. ஈரத் துண்டால் போர்த்தி மூடிவிடாதீர்கள், சூடு உள்ளேயே தங்கிவிடும். மயங்கிய நாயின் வாயில் தண்ணீரைப் புகட்டாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும். எழுந்து வாலாட்டினாலும் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். சிறுநீரகக் கோளாறும் இரத்தம் உறைவதில் வரும் கோளாறும் மறுநாள்கூடத் தலைகாட்டும். என் நாய்க்கு மூன்று நாள் குளுக்கோஸ் ஏற்றினார்கள்.

அதே வாசகர்: தண்ணீர் எவ்வளவு எடுத்துச் செல்வது?

இருபது கிலோ நாய் சும்மா இருந்தாலே நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் குடிக்கும். இரண்டு மணி நேர ஏற்றத்துக்கு அதற்கென்று தனியாக ஒரு லிட்டர், மேலே ஊற்ற இன்னொரு லிட்டர். கால் மணிக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். தண்ணீர் பாதியானதும் திரும்பிவிடுங்கள். உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும்தான். வயிறு நிறையக் களி போட்ட உடனே ஏற்றாதீர்கள்.

ஓசூர்: ஹஸ்கிக்கு முடியை மழித்துவிட்டால் வெயில் தாங்குமா?

தாங்காது. மேல்முடி, அடிமுடி என்ற அந்த இரட்டை அடுக்கு முடி வெயிலையும் தடுக்கிறது. மழித்தால் தோல் வெந்துவிடும். உதிரும் அடிமுடியைச் சீவி எடுங்கள். கோடையில் அதை மலைக்கே கொண்டுபோகாதீர்கள்.

சந்தூர்: எங்கள் பாதை மாந்தோப்புகள் வழியாகப் போகிறது. ஏதும் ஆபத்து உண்டா?

மாங்கொட்டை! நம் மாவட்டத்துக்காரர்கள் இதைக் கவனிக்கவே வேண்டும். உதிர்ந்த பழத்தைக் கொட்டையோடு விழுங்கினால் அது குடலில் அடைத்துக்கொள்ளும், அறுவைச் சிகிச்சை வரை போகும். மருந்து அடிக்கும் காலத்தில் தோப்பிலுள்ள பீப்பாய்த் தண்ணீரையும் பள்ளத்துத் தண்ணீரையும் குடிக்க விடாதீர்கள். தோப்புக்குள் பெல்ட் கையிலேயே இருக்கட்டும்.

தேன்கனிக்கோட்டை: அஞ்செட்டிப் பக்கம் காட்டில் நாயை அவிழ்த்துவிட்டுக் கூட்டிப் போகிறார்கள். நாங்களும் போகலாமா?

அவிழ்த்தும் போகக் கூடாது, கட்டியும் போகக் கூடாது. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைக் காடுகளில் பல பகுதிகள் 2014இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயத்தில் அடங்கும். அனுமதியில்லாமல் நுழைவது குற்றம். அதைவிட, யானையைப் பார்த்துக் குரைக்கும் நாய், யானை துரத்தத் தொடங்கியதும் எங்கே ஓடும்? உங்களிடம்தான் ஓடிவரும். சிறுத்தைக்கு நாய் எளிய இரை. நம் நாயிடமிருந்து செந்நாய்க்கும் நரிக்கும் நோய் தொற்றும். அந்தக் காடு அவற்றின் வீடு.

ஊத்தங்கரை: பாறையிடுக்கில் பாம்பு கடித்தால்?

நம் கரடுகளில் பார்த்து நடக்க வேண்டியவை சுருட்டை விரியனும் கண்ணாடி விரியனும். நாய் மூக்கை நுழைக்கும் இடம்தான் அவை படுத்திருக்கும் இடம். கடித்தால் கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், நடக்கவிடாதீர்கள். தூக்கிக்கொண்டு இறங்குங்கள். மனிதர்களுக்குப் போடும் அதே விஷமுறிவு மருந்துதான் நாய்க்கும். எல்லா இடத்திலும் இருப்பில் இருக்காது என்பதால், எந்த மருத்துவமனையில் உண்டு என்று மலைக்குப் போகும் முன்பே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பாலக்கோடு: ராஜபாளையம் நாயின் மூக்கு வெயிலில் சிவந்து உரிகிறது.

இளஞ்சிவப்பு மூக்குக்கும் காது நுனிக்கும் அப்படித்தான் ஆகும். நாம் பூசும் வெயில் களிம்பு வேண்டாம். நக்கிவிடும், அதில் உள்ள துத்தநாகம் நஞ்சு. காலை ஏழு மணிக்குள் வீடு திரும்புங்கள்.

கிருஷ்ணகிரி: எங்கள் நாய்க்குப் பதினொரு வயது. முழங்கால் வலி. ஆனால் நான் பையை எடுத்தாலே வாசலில் வந்து நிற்கிறது. விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை.

அது கேட்பது மலையை அல்ல, உங்களோடு வெளியே வருவதை. காலை ஐந்தரை மணிக்கு அதே பையை மாட்டிக்கொண்டு அணைப் பக்கம் மண்பாதையில் கூட்டிப் போங்கள். அது மோந்து பார்க்கும் இடத்திலெல்லாம் நில்லுங்கள், இழுக்காதீர்கள். அரைமணி நேரம் போதும். வீட்டுக்கு வந்ததும் காலிடுக்கில் உண்ணி இருக்கிறதா என்று பார்த்து, தண்ணீர் வைத்து, அது படுத்துத் தூங்கிய பிறகு நீங்கள் கரட்டுக்குக் கிளம்புங்கள்.