மெல்லிய கையெழுத்து பாணி எழுத்துருவை எதற்குப் பயன்படுத்தலாம்?

நேரடியாகச் சொல்லிவிடுகிறேன்: இரண்டு மூன்று சொற்களுக்குப் பயன்படுத்துங்கள், பத்திக்கு வேண்டவே வேண்டாம். அழைப்பிதழில் பெயர்கள், நூல் அட்டையில் தலைப்பு, வாழ்த்து அட்டையில் ஒரு வரி, கையால் செய்யும் சோப்புக்கோ நகைக்கோ ஒரு லோகோ. இந்த இடங்களில் இதன் அழகுக்கு ஈடாக வேறு எழுத்துரு எனக்குத் தெரிந்து இல்லை. அழைப்பிதழ் வடிவமைப்பதே என் தொழில் என்பதால் இதைக் கொஞ்சம் விரித்தே எழுதுகிறேன்.

இந்த வகையின் தோற்றம் கூர்முனைப் பேனாவிலிருந்து வந்தது. கீழ்நோக்கி இழுக்கும்போது அழுத்தினால் நிப் விரிந்து கோடு தடிக்கும். மேலே ஏறும்போது அழுத்தம் தளர்ந்து மயிரிழையாக மெலியும். நடு உடல் சிறியது, மேலும் கீழும் நீளும் வால்கள் பெரியவை. அதனால் 12 பாயிண்டில் சாதாரண எழுத்துரு தெளிவாகத் தெரியும்போது, இது பொடியெழுத்தாகச் சுருங்கிவிடும். 24 பாயிண்டுக்குக் கீழே நான் பெரும்பாலும் இறங்குவதில்லை.

தரத்தை அறிய ஒரு வழி உண்டு. ஆங்கிலத்தின் சிறிய 'எல்' இரண்டு அடுத்தடுத்து வரும் சொல் ஒன்றைத் தட்டச்சு செய்து, பெரிதாக்கிப் பாருங்கள். இரண்டும் அச்சு அசலாக ஒரே வடிவில் நின்றால் கையெழுத்து என்ற மயக்கம் கலைந்துவிடும். எந்தக் கையும் அப்படி எழுதாது. நல்ல எழுத்துருவில் ஒரே எழுத்துக்குப் பல மாற்று வடிவங்கள் இருக்கும். ஹெர்மன் சாப்ஃப் வடிவமைத்து 1998-இல் வெளிவந்த சாப்ஃபினோ இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. ஓர் எழுத்தின் வால் முடியும் இடத்தில் அடுத்த எழுத்து பிசிறில்லாமல் தொடங்குகிறதா என்பதையும் கவனியுங்கள். உலோக அச்சுக் காலத்தில் சாய்ந்த எழுத்துகளை இப்படி இணைப்பது பெரும்பாடு. 1960-களில் மேத்யூ கார்ட்டர் உருவாக்கிய ஸ்னெல் ரவுண்ட்ஹேண்ட் என்ற எழுத்துரு, ஒளி அச்சுக்கோப்பு (உலோக அச்சுக்குப் பதிலாக ஒளிப்படம் வழியே எழுத்துகளைக் கோக்கும் முறை) தந்த வசதியால்தான் அவ்வளவு இயல்பாக இணைகிறது.

எழுத்துகளுக்கு இடையிலான இடைவெளியைக் கூட்டவே கூடாது, இணைப்புகள் அறுந்துபோகும். ஆங்கிலச் சொல்லை முழுவதும் பெரிய (கேபிட்டல்) எழுத்திலும் அடிக்காதீர்கள். சுழிகள் ஒன்றோடொன்று மோதிச் சொல்லே படிக்க முடியாமல் போகும்.

அச்சில்தான் உண்மையான சோதனை. கருமையான பின்னணியில் வெள்ளை எழுத்தாக விட்டால், சுற்றியுள்ள மை பரவி மயிரிழைக் கோடுகளை விழுங்கிவிடும். நான்கு வண்ணம் கலந்த பின்னணி என்றால் இன்னும் மோசம். சொரசொரப்பான தாளில் தங்க ஃபாயில் ஒட்டும்போதும் மெல்லிய கோடு விட்டுவிட்டு விழும். கொஞ்சம் தடித்த வடிவம் அந்த எழுத்துருவிலேயே இருந்தால் அதற்கு மாறுங்கள். திரையிலும் சிறிய அளவில் கோடு வெளிறிச் சாம்பலாகிவிடும். இணையத்தில் பெரிய தலைப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நாள், நேரம், முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றை அலங்காரமில்லாத எழுத்துருவில் கொடுங்கள். வயதானவர்களும் அதைப் படிக்க வேண்டும் அல்லவா! பெயருக்கு அருகில் வெற்றிடம் தாராளமாக இருக்கட்டும், வால்கள் நீளுவதற்கு இடம் வேண்டும்.

இலவசமாகக் கிடைப்பவற்றில் பல, சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டுமே அனுமதி உள்ளவை. லோகோவுக்கு எடுக்கும் முன் உரிம விவரத்தைப் படித்துவிடுங்கள். அச்சகத்துக்குக் கோப்பை அனுப்பும்போது எழுத்துகளை வெளிக்கோட்டு வடிவமாக (அவுட்லைன்) மாற்றி அனுப்புங்கள். இல்லாவிட்டால் அவர்கள் கணினியில் வேறு எழுத்துரு வந்து உட்கார்ந்துகொள்ளும்.