மேட்டில் பேசாதே

அன்புள்ள ஐயா,

சென்னையிலிருந்து குன்னூருக்கு மாற்றலாகி வந்து மூன்று வாரம் ஆகிறது. மூன்று வருடமாக வீடியோ பார்த்து அஷ்டாங்க வின்யாச யோகா செய்கிறேன். அங்கே பத்து சூரிய நமஸ்காரம் சர்வசாதாரணம். இங்கே நாலாவதிலேயே மூச்சு வாங்குகிறது, வீடியோவோடு ஒட்ட முடியவில்லை. விடாமல் முயன்றால் பழகிவிடுமா? இந்த ஈரத்துக்கு எந்த விரிப்பு நல்லது? இது யோகமே இல்லை, வெறும் ஜிம்னாஸ்டிக்ஸ் என்கிறார் மாமனார்.

க.

அன்புள்ள க.,

மாமனாரை விடுங்கள். சாப்பாட்டு நேரத்தில் தீர்கிற வழக்கு அல்ல அது.

மூச்சு வாங்குவதில் மர்மம் இல்லை. குன்னூர் ஏறக்குறைய 1,850 மீட்டர் உயரம். சென்னையில் ஒரு மூச்சில் கிடைத்த ஆக்சிஜனில் ஐந்தில் நாலு பங்குதான் இங்கே. போகப் போக உடம்பு பழகும். (தலைசுற்றலோ நெஞ்சுவலியோ இருந்தால் எனக்கு எழுதிக்கொண்டிருக்காதீர்கள், டாக்டரிடம் போங்கள்.)

எனக்குக் கோபம் வந்தது 'வீடியோவோடு ஒட்ட முடியவில்லை' என்ற இடத்தில். மூன்று வருடம் செய்தவர் எழுதுகிற வரியா இது? இந்த முறையை உலகெங்கும் பரப்பிய பட்டாபி ஜோயிஸ், யோக ஆசிரியர் கிருஷ்ணமாச்சாரியாரின் மாணவர். சூரிய நமஸ்காரத்தின் முதல் வகையில் ஒன்பது எண்ணிக்கை. ஏகம் என்றால் மூச்சு உள்ளே, கை மேலே. துவே என்றால் மூச்சு வெளியே, உடம்பு கீழே. எண்ணுவது மூச்சை, நொடியை அல்ல. ஆறாவதில் ஐந்து மூச்சு நிற்க வேண்டும். யாருடைய ஐந்து மூச்சு? மைசூர் பாணி வகுப்பில் ஒரே கூடத்தில் ஆளுக்கொரு வேகத்தில் செய்துகொண்டிருப்பார்கள். நீங்களோ எங்கேயோ கடற்கரையோரம் ஒருவர் விட்ட மூச்சுக்குக் குன்னூரில் கை தூக்குகிறீர்கள்!

எனக்கு இதைக் காட்டித் தந்தது அம்மா. இந்தியாவும் இலங்கையும் போட்ட 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து கோத்தகிரிப் பக்கம் வந்து சேர்ந்த குடும்பம் எங்களுடையது. தேயிலைக் கொழுந்து மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு எடை போடும் இடத்துக்கு மேடு ஏறுவாள். ரெண்டு எட்டுக்கு மூச்சு உள்ளே, ரெண்டு எட்டுக்கு வெளியே. மேடு செங்குத்தானால் ஒரு எட்டுக்கு ஒரு மூச்சு. காலைத்தான் குறைப்பாள், மூச்சை விரட்ட மாட்டாள். நடுவில் எதைக் கேட்டாலும் பதில் வராது. மேலே போய் மூட்டையை இறக்கி, வாயைக் குவித்து 'ஃபூ' என்று ஊதிய பிறகுதான் "இப்பக் கேளு" என்பாள். கேட்டது எனக்கே மறந்திருக்கும்.

ஒருநாள் அவளை முந்திக் காட்டுகிறேன் என்று ஒரு சின்ன மூட்டையோடு ஓடினேன். முந்தியும் விட்டேன். தராசுக்குப் பக்கத்திலேயே வாந்தி. கணக்குப்பிள்ளை கத்தினார். அம்மா தன் நடையிலேயே வந்து, எடை போட்டு, நம்பரைச் சொல்லிவிட்டு, அப்புறம்தான் முந்தானையால் என் வாயைத் துடைத்தாள். திட்டவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

சரி, நாளைக்கு வீடியோவை அணைத்துவிட்டுச் செய்யுங்கள். உஜ்ஜாயி மூச்சில் தொண்டையிலிருந்து ஓர் ஓசை வருமே, அதைக் கேட்டுக்கொண்டே செய்யுங்கள். அது அறுந்தால் நில்லுங்கள். மூன்று சூரிய நமஸ்காரம்தான் வந்தது என்றால் மூன்று.

விரிப்பு கேட்டிருந்தீர்கள் இல்லையா? எனக்குப் பவானி ஜமக்காளம். துவைத்தால் இந்த ஊரில் காய மூன்று நாள் ஆகும், அதற்கு நான் பொறுப்பில்லை.