பாலம் ஏறினால் வரும் நெஞ்சு இறுக்கத்துக்குக் கேஸ் மாத்திரையா?

கேள்வி: எனக்கு வயது 46. திருநெல்வேலி டவுனிலிருந்து வண்ணார்பேட்டையில் உள்ள அலுவலகத்துக்கு ஒரு வருடமாகச் சைக்கிளில் போகிறேன். நாலு கிலோமீட்டர்தான். காலையில் சுலோசன முதலியார் பாலத்தில் அடிக்கும் ஆற்றுக் காற்றுக்காகவே கிளம்பலாம்போல இருக்கும். ஆனால் முட்டி தேயும், விரைவீக்கம் வரும், புராஸ்டேட் கெடும் என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். நெட்டிலும் அப்படித்தான் போட்டிருக்கிறது. கையில் கட்டிய வாட்ச் சில சமயம் 140 காட்டுகிறது. இரண்டு மாதமாக ஈரடுக்கு மேம்பாலம் ஏறும்போது கேஸ் வந்து நெஞ்சை அடைக்கிறது. இறங்கி நின்று மாத்திரை போட்டால் சரியாகிவிடுகிறது. அப்பாவுக்கு 54 வயதில் மாரடைப்பு வந்தது. நான் சைக்கிளை விட வேண்டுமா?

பதில்: மேடு ஏறினால் அடைக்கிறது, நின்றால் விடுகிறது. உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது இதைத்தான். இதற்குக் கேஸ் என்று பெயர் வைத்தது நீங்கள். கேஸ் தொந்தரவு பெரும்பாலும் சாப்பாட்டை ஒட்டி வரும், படுத்தால் கூடும், ஏப்பம் விட்டால் குறையும். மேட்டில் மட்டும் வந்து, நின்ற சில நிமிடங்களில் போய்விடுகிறது என்றால் இதயத்தின் ரத்தக்குழாய் சுருங்கியிருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். சமதரையில் ஓட்டும்போது கிடைக்கிற ரத்தம் இதயத்துக்குப் போதும். மேட்டில் வேலை கூடுகிறது, அதற்கேற்ற ரத்தம் வர வழியில்லை. அதைத்தான் ஆஞ்சைனா என்கிறோம். பலருக்கு இது வலியாகவே தெரியாது. பாரம், எரிச்சல், தாடையிலோ இடது கையிலோ ஒரு கடுப்பு, சர்க்கரை உள்ளவர்களுக்கு வெறும் மூச்சு வாங்கல் என்று எப்படியும் வரலாம். உங்கள் அப்பாவின் வயதைப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது முக்கியமான தகவல்.

நின்ற பிறகு போடுகிற எந்த மாத்திரையும் வேலை செய்ததுபோலத்தான் தெரியும். சரியானது நீங்கள் நின்றதால். இப்படி மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிப் போட்டே மாதங்களைக் கடத்திவிட்டு, கடைசியில் ஆம்புலன்ஸில் வருகிறவர்களைப் பார்க்கும்போது கோபம்தான் வருகிறது.

நாளைக்கே இதய மருத்துவரைப் பாருங்கள். ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையிலேயே அதற்கான பிரிவு இருக்கிறது. “மேடு ஏறினால் இறுக்குகிறது” என்று சொல்லுங்கள், “கேஸ்” என்று ஆரம்பிக்காதீர்கள். படுக்கவைத்து எடுக்கும் ஈசிஜி நார்மல் என்று வந்தால் அதோடு வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டாம். ஓய்வில் இருக்கும் இதயம் பல சமயம் எதையும் காட்டிக்கொடுக்காது. எக்கோ, டிரெட்மில், அதற்கு மேல் என்ன தேவை என்பதை அவர் முடிவு செய்வார். அதுவரை பஸ்ஸில் போங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போது இறுக்கம் வந்தாலோ, பத்து நிமிடம் ஓய்வெடுத்தும் விடாவிட்டாலோ, கூடவே வியர்த்துக் கொட்டினாலோ உடனே 108-ஐ அழையுங்கள். நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாது.

மற்றவற்றுக்கு அதிகம் மெனக்கெட வேண்டாம். நல்ல முட்டியைச் சைக்கிள் தேய்க்காது. சீட் தாழ்வாக இருந்தால் முட்டியின் முன்பக்கம் வலிக்கும், அவ்வளவுதான். பெடல் கீழே இருக்கும்போது கால் ஏறக்குறைய நீண்டு, முட்டி லேசாக மடங்கியிருக்கும் அளவுக்குச் சீட்டை உயர்த்துங்கள். விரைவீக்கம் சைக்கிளால் வருவதில்லை. கால் மணி நேரச் சவாரியில் புராஸ்டேட்டும் கெடாது. உட்காரும் இடம் மரத்துப்போனால் மட்டும் சீட்டை மாற்றுங்கள். உங்கள் வயதில் மேட்டில் 140 துடிப்பு என்பது இயல்பு. வாட்ச்சைப் பார்த்துப் பார்த்துப் பயப்படுவதை நிறுத்துங்கள்.

சரி, டாக்டர் சைக்கிளைப் பிடுங்கிவிடுவாரோ என்பதுதானே உங்கள் உண்மையான பயம்? பிடுங்க மாட்டேன். போக வர அரை மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், வாரம் ஆறு நாளைக்கு 180 நிமிடம் ஆகிறது. உலக சுகாதார நிறுவனம் கேட்பது குறைந்தது 150 நிமிடம். அதைத் தனியாக நேரம் ஒதுக்காமல், அலுவலகம் போகிற வழியிலேயே முடித்துவிடுகிறீர்கள். பிரிட்டனில் இரண்டரை லட்சத்துக்கும் அதிகமானவர்களைப் பின்தொடர்ந்து 2017-இல் வெளியான ஆய்வில், வேலைக்குச் சைக்கிளில் போனவர்களுக்கு இதய நோயும் புற்றுநோயும் குறைவாகவே வந்திருந்தன. அந்த ஆற்றுக் காற்றையும் நான் சாதாரணமாக எண்ணவில்லை. ஜிம்முக்குப் பணம் கட்டிவிட்டு மூன்றாவது வாரமே நின்றுவிடுகிறவர்கள் எத்தனையோ பேர். நீங்கள் ஒரு வருடம் விடாமல் ஓட்டியிருப்பது அது பிடித்திருந்ததால்தான். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: பைக்கில் போயிருந்தால் இந்த இறுக்கம் இப்போது உங்களுக்குத் தெரிந்தே இருக்காது.

ஒருவேளை அடைப்பு இருந்தாலும், சிகிச்சைக்குப் பிறகு உடற்பயிற்சியும் அந்த சிகிச்சையின் பகுதிதான். மருத்துவர் சரி என்றதும் சமதரையில் மெதுவாகத் தொடங்குங்கள். கொஞ்ச நாளைக்கு மேம்பாலத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டே போகலாம், தப்பில்லை. வயிறு நிறைய டிபன் சாப்பிட்ட கையோடு மட்டும் ஏறி மிதிக்காதீர்கள்.